வெண்தரை மனிதர்கள் – 7: நாலு பேர்

சென்ற வாரம் எர்னி ரிச்சர்ட்சனின் அணியைப் பார்த்தோம். அண்ணன் தம்பியும் ஒன்றுவிட்ட சகோதரர்களுமாகத் தொடங்கி, 1959 முதல் 1963 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் நான்கு முறை உலகப் பட்டம் வென்ற ரெஜைனா நகரத்து அணி அது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே நகரம் இன்னொரு நால்வரைத் தந்தது. இந்த நால்வருக்குள் ரத்த உறவு கிடையாது. ஆனால் கனடாவில் கர்லிங் ஆட்டத்தை நேசிக்கும் எவரிடமும் இவர்கள் பெயரைச் சொல்லிப் பாருங்கள், சொந்த வீட்டுப் பெண்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள்.

சாண்ட்ரா ஷ்மிர்லர், ஜேன் பெட்கர், ஜோன் மெக்கஸ்கர், மார்சியா குடரைட்.

சஸ்காட்சுவான் மாகாணத்தில், சாஸ்கட்டூன் நகருக்கு மேற்கே, ரயில்பாதையை ஒட்டி வளர்ந்த சிற்றூர் பிகர். 'நியூயார்க் பெரிய ஊர். ஆனால் இது பிகர்' என்பது அந்த ஊர் தனக்குச் சூட்டிக்கொண்ட வாசகம். 'பிக்' என்றால் பெரிது, 'பிகர்' என்றால் அதைவிடப் பெரிது என்ற ஒலி ஒற்றுமையில் பிறந்தது. 1963 ஜூன் 11 அன்று பிறந்த சாண்ட்ரா வளர்ந்தது அந்த ஊரில்தான். கோதுமை அறுவடை முடிந்து நிலம் பனிக்குள் போய்விட்டால், இத்தகைய சமவெளி ஊர்களுக்குப் பல மாதங்கள் நீளும் குளிர்காலம். அப்போது ஊர்கூடும் இடம் கர்லிங் அரங்கம். விவசாயி, ஆசிரியர், கடைக்காரர், பள்ளிப் பிள்ளை என எல்லோரும் அங்கே ஆடுவார்கள். சாண்ட்ராவும் பள்ளி நாட்களிலேயே கல்லைக் கையில் எடுத்தவர்.

ஆட்டத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள கிரானைட் கல். சுமார் 45 மீட்டர் நீளப் பனித்தரை. மறுகோடியில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். அவற்றுக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'வீடு'. ஆளுக்கு இரண்டு கற்கள் வீதம் அணிக்கு எட்டு. வீட்டின் நடுப்புள்ளிக்கு யாருடைய கல் மிக அருகில் நிற்கிறதோ அவர்களுக்குத்தான் புள்ளி. ஒருவர் கல்லை விடும்போது, இருவர் அதன் முன்னால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தேய்த்தால் கல் கூடுதல் தூரம் போகும், வளைவதும் குறையும். நான்காமவர் வீட்டில் நின்று குறி காட்டுவார். கல் கையை விட்டுப் போனபின் அதை எறிந்தவரால் செய்ய முடிவது மிகக் கொஞ்சம். அதன் போக்கு மற்றவர்களின் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. கர்லிங்கின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பது என் நம்பிக்கை. சாண்ட்ராவின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க அந்த நம்பிக்கை உறுதிப்பட்டது.

ரெஜைனாவுக்குக் குடிவந்த சாண்ட்ரா, முதலில் கேத்தி ஃபால்மன் தலைமையிலான அணியில் ஆடினார். 1990இல் அவரும் பெட்கரும் சேர்ந்து புதிய அணி அமைத்தார்கள். மெக்கஸ்கரும் குடரைட்டும் வந்து சேர்ந்தார்கள். சாண்ட்ரா 'ஸ்கிப்', அதாவது அணித்தலைவி. வியூகம் வகுப்பதும் கடைசி இரண்டு கற்களை விடுவதும் அவர் பொறுப்பு. நகரத்து விளையாட்டு மையம் ஒன்றில் அவருக்கு வேலை. மெக்கஸ்கர் ஆசிரியை, குடரைட் கணினித் துறையில் இருந்தார். மற்றவர்களைப் போலவே வேலைக்குப் போய், குடும்பத்தைப் பார்த்து, மிச்சமிருந்த நேரத்தில் பனித்தரைக்கு வந்த பெண்கள் இவர்கள்.

அந்த மிச்ச நேரத்தில் அவர்கள் சாதித்தது சாதாரணமானதல்ல. 1993இல் கனடாவின் தேசியப் பட்டம். அதே ஆண்டு ஜெனீவாவில் உலகப் பட்டம். 1994இல் மீண்டும் இரண்டும். அடுத்த இரண்டு ஆண்டுகள் தேசியப் பட்டம் வேறு அணிகளுக்குப் போனது. ஆனாலும் நால்வரும் பிரியவில்லை. எட்டு ஆண்டுகள் ஒரே நால்வர் ஒன்றாக நிற்பது இந்த ஆட்டத்தில் எளிதல்ல. ஒரு பருவம் தோற்றாலே ஆள் மாற்றத் தொடங்கும் அணிகள் உண்டு. 1997இல் திரும்பி வந்தார்கள். வான்கூவரில் தேசியப் பட்டத்தையும், ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் மூன்றாவது உலகப் பட்டத்தையும் வென்றார்கள். அப்போது சாண்ட்ராவின் வயிற்றில் அவருடைய முதல் குழந்தை.

1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்கள் கர்லிங் முதன்முறையாக முறையான பதக்கப் போட்டி ஆனது. உலகப் பட்டம் வென்றிருந்தாலும் நேரடி இடம் கிடையாது. கனடாவின் சிறந்த அணிகளோடு மோதித்தான் போக வேண்டும். தகுதிப் போட்டி 1997 நவம்பரில், மனிடோபா மாகாணத்தின் பிராண்டன் நகரில் நடந்தது. மகள் சாரா பிறந்தது செப்டம்பரில். பிள்ளை பெற்று இரண்டு மாதம் கடந்த உடம்போடு, கைக்குழந்தைக்காரியாக, சாண்ட்ரா பனித்தரையில் இறங்கினார்.

இறுதி ஆட்டத்தில் எதிரே ஷானன் கிளைபிரிங்க்கின் அணி. ஏழாவது சுற்றில் வந்தது அந்தக் கல்.

வீட்டுக்குள் எதிரணியின் கல் நல்ல இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதை நேராகத் தாக்கப் பாதை இல்லை. ஆனால் வட்டங்களுக்கு வெளியே, ஓரமாக, எதிரணியின் இன்னொரு கல் நிற்கிறது. சாண்ட்ரா அந்த ஓரக் கல்லைக் குறிவைத்தார். அதன் விளிம்பில் மோதி, தன் கல்லைப் பக்கவாட்டில் உள்ளே திரும்பவிட்டு, வீட்டிலிருக்கும் கல்லை அடித்து வெளியேற்ற வேண்டும். கேரம் பலகையில் ஒரு காயில் பட்டுத் தெறித்து இன்னொரு காயை அடிக்கும் அடி எவ்வளவு நுட்பமானது என்று ஆடியவர்களுக்குத் தெரியும். இங்கே கல்லின் எடை 20 கிலோ. கையை விட்டபின் அது போக வேண்டிய தூரம் 90 அடி அளவில். வேகம் சற்றுத் தப்பினாலும், மோதும் இடம் ஓர் அங்குலம் விலகினாலும் எதிரணிக்கே லாபம்.

கல் போனது. மோதியது. உள்ளே திரும்பியது. எதிரியின் கல் வெளியே உருண்டது. மூன்று புள்ளிகள். அந்த ஆட்டமும் ஒலிம்பிக் இடமும் அவர்களுடையவை ஆயின. கனடாவின் கர்லிங் வரலாற்றிலேயே மிக உயர்ந்த அடிகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள். அந்த ஓரக் கல்லை ஒரு வழியாகப் பார்க்கத் தெரிந்த கண்ணைத்தான் நான் வியக்கிறேன். நமக்கு எதிராக வந்து நிற்கும் ஒன்றையே படியாக்கிக்கொள்வதற்குத் துணிச்சலோடு, தன் தோழிகள் மேல் முழு நம்பிக்கையும் வேண்டும்.

நாகானோ ஒலிம்பிக்கின் கர்லிங் ஆட்டங்கள் கருயிசாவா நகரில் நடந்தன. மாற்று ஆட்டக்காரராக அட்டினா ஃபோர்டும், பயிற்சியாளராக அவருடைய தாய் அனிட்டா ஃபோர்டும் உடன் சென்றார்கள். முதல் கட்டத்தின் ஏழு ஆட்டங்களில் ஆறு வெற்றி. அரையிறுதியில் கிர்ஸ்டி ஹேயின் பிரிட்டன் அணி விடாமல் மல்லுக்கட்டியது. கூடுதல் சுற்று வரை போய், 6–5 என்று தப்பினார்கள். பிப்ரவரி 15 அன்று இறுதி ஆட்டம், ஹெலேனா பிளாக் லாவர்சனின் டென்மார்க்குடன். முதல் சுற்றிலேயே மூன்று புள்ளிகள் எடுத்து, கடைசிவரை பிடியை விடாமல் 7–5 என்று முடித்தார்கள். பெண்கள் கர்லிங்கின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. தோற்ற டென்மார்க்குக்கும் அன்று பெருமிதம்தான். குளிர்கால ஒலிம்பிக்கில் அந்த நாடு வென்ற முதல் பதக்கமே அந்த வெள்ளி.

1999 ஜூனில் சாண்ட்ராவுக்கு இரண்டாவது மகள் ஜென்னா பிறந்தாள். சில மாதங்களுக்குள் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அறுவை, கதிர்வீச்சு, மருந்து எனச் சிகிச்சை தொடர்ந்தது. 2000 பிப்ரவரியில் மங்க்டன் நகரில் தேசிய இளையோர் போட்டிக்குத் தொலைக்காட்சி வர்ணனையாளராக வந்தார். அங்கே செய்தியாளர்களைச் சந்தித்தபோது, ஓர் ஆட்டத்தில் தோற்பது உலகத்தின் முடிவல்ல என்று இப்போது தெரிகிறது என்ற பொருள்படப் பேசினார். வாழ்நாளெல்லாம் வெற்றிக்காகப் பாடுபட்ட ஒருவர் அதைச் சொன்னபோது கேட்டவர்கள் கலங்கிப் போனார்கள்.

மார்ச் 2 அன்று, 36 வயதில், ரெஜைனாவில் சாண்ட்ரா மறைந்தார். சாராவுக்கு அப்போது இரண்டரை வயது. ஜென்னாவுக்கு எட்டு மாதம். இறுதிச் சடங்கை தேசியத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. அதே வாரம் சாஸ்கட்டூனில் ஆண்களுக்கான தேசியப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அங்கே ஆட்டத்தைத் தள்ளிவைத்து, வந்திருந்தவர்கள் அரங்கத்திலேயே அந்தச் சடங்கைப் பார்த்து அழுதார்கள்.

நம் மொழியில் 'நாலு பேர்' என்றொரு சொல் உண்டு. நல்லதுக்கும் கெட்டதுக்கும் நாலு பேர் வேண்டும் என்கிறோம். நான்கு என்ற எண்ணை எதற்காகச் சொன்னார்களோ, மனிதரைக் கடைசிவரை கொண்டுசேர்ப்பது உடனிருப்பவர்கள்தான் என்ற உண்மை அதற்குள் இருக்கிறது. சாண்ட்ரா கையிலிருந்து விட்ட கல் அவரோடு நின்றுவிடவில்லை. அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. குறைமாதத்திலும் நோயோடும் பிறக்கும் பச்சிளம் குழந்தைகளுக்காக, கனடா மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கருவிகள் வாங்கித் தருகிறது அது. தேசியப் பெண்கள் போட்டி நடக்கும்போது அதற்காக நிதி திரட்டுகிறார்கள். கைக்குழந்தைகளை விட்டுப் பிரிந்த ஒரு தாயின் பெயரால், முகம் தெரியாத குழந்தைகள் பிழைத்து வீடு திரும்புகின்றன. ஒரு கல்லை 'வீடு' வரை கொண்டுசேர்ப்பது எப்படி என்று தெரிந்தவர்களின் நாட்டில், அதற்கு முன்னால் ஓடிப் பனியைத் தேய்க்க இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

(அடுத்த வாரம்: 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தங்கம் வென்ற ஜெனிஃபர் ஜோன்ஸ்)