கிருமியைக் கொல்லும் கிருமி!

பாம்புக்குப் பகை கீரி. எலிக்குப் பகை பூனை. நோய்க் கிருமிக்குப் பகை? இன்னொரு கிருமிதான்!

1896-ம் ஆண்டு ஆக்ராவில் ஹான்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஓர் அதிசயம் கண்டார். கங்கைத் தண்ணீரில் விட்ட காலராக் கிருமிகள் 3 மணி நேரத்துக்குள் செத்தன. கொதிக்க வைத்த கங்கைத் தண்ணீரிலோ சாகவில்லை!

1917-ல் பாரிஸ் நகரில் டி'எரெல் என்ற விஞ்ஞானி, பாக்டீரியாவை அழிக்கும் வைரஸ் உண்டு என்று அறிவித்தார். அதற்கு "பாக்டீரியோபேஜ்" என்று பெயரிட்டார். கங்கையில் நடந்ததும் இதன் வேலையாக இருக்கலாம்.

ஊசி போடும் வைரஸ்

இதில் "டி-4" என்பது ஒரு வகை. பட்டை தீட்டிய வைரம் போலத் தலை. குழாய் போல வால். 6 நீண்ட கால்கள். சுமார் 5 ஆயிரத்தை நீளவாக்கில் அடுக்கினால்தான் 1 மில்லிமீட்டர் வரும்!

கால்கள் பாக்டீரியாவைப் பற்றும். வாலின் உறை சுருங்கும். உள்ளே உள்ள குழாய் ஊசி போலக் குத்தும். தலையில் இருக்கும் டி.என்.ஏ. பாக்டீரியாவுக்குள் பாயும். சுமார் அரை மணியில் நூற்றுக்கும் மேற்பட்ட புது வைரஸ்கள் பாக்டீரியாவை உடைத்துக்கொண்டு வெளியே வரும்!

மருந்துக்கு அடங்காத கிருமிகளை இதைக் கொண்டு அடக்க இன்று ஆராய்ச்சி நடக்கிறது.

பாக்டீரியா வாழும் இடமெல்லாம் இதுவும் வாழும். திருவள்ளூர் பக்கத்துப் பூண்டி ஏரியிலும், கும்மிடிப்பூண்டிக் குட்டையிலும் உண்டு. அதற்காகத் தண்ணீரை அப்படியே குடித்துவிடக் கூடாது! ஒவ்வொரு வைரசும் தனக்கு ஏற்ற பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். மற்றவை உயிரோடு இருக்கும். காய்ச்சிக் குடிப்பதே நல்லது.