பனிக்காலமும் நம் கைகளும்

மார்கழி பிறந்துவிட்டால், மதரஸாவின் காலை வகுப்புக்கு வரும் சிறுமியரில் சிலர் ‘பா’, ‘மீம்’ என்னும் எழுத்துகளை ஓதும்போது தயங்குவார்கள். இரு உதடுகளும் பொருந்தினால்தான் பிறக்கும் எழுத்துகள் அவை. காய்ந்து வெடித்த உதடுகளைச் சேர்த்துப் பிரித்தால் வலிக்கிறது. சில வேளை இரத்தமும் கசிகிறது. வலியைத் தணிக்க, பிள்ளை நாவால் உதட்டை நனைத்துக்கொள்கிறது. கேடு அதிலேதான் இருக்கிறது. உமிழ்நீர் உலரும்போது உதட்டின் ஈரமும் சேர்ந்தே போய்விடுகிறது. உணவைச் செரிக்க வைக்கும் பொருள்கள் உமிழ்நீரில் இருப்பதால் மெல்லிய தோல் மேலும் புண்ணாகிறது. மற்ற இடத்துத் தோலுக்கு உள்ளதுபோல் எண்ணெய் சுரக்கும் வசதி உதட்டுக்கு இல்லை. நாம்தான் பூச வேண்டும். மணமும் நிறமும் கலவாத வாஸலின் போதும். காலையிலும், உணவுக்குப் பின்னும், உறங்குமுன்னும் இட்டுவந்தால் சில நாள்களில் ஆறிவிடும்.

“நெல்லைச் சீமையில் குளிர் ஏது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தை மாதத்து விடியலில்கூடப் பாளையங்கோட்டையில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆதலால் கைகால் வெடிப்புக்குப் பனியையும் வாடைக்காற்றையும் மட்டும் குறை கூறுவதை நான் ஏற்பதில்லை. அவை தோலைச் சற்றே உலர்த்துகின்றன. மீதி வேலையை வெந்நீரும் சோப்பும் நம் வீட்டுத் தொழில்களும் செய்து முடிக்கின்றன.

பத்தமடையில் பாய் நெய்யும் சகோதரிகளுக்கு இது எளிதில் விளங்கும். உலர்ந்த கோரையை வளைத்தால் முறியும். ஈரம் ஏறிய கோரை சொன்னபடி வளையும். நம் மேல்தோலும் அவ்வாறே. தன்னுள் நீரை வைத்திருக்கும் வரை மிருதுவாக இருக்கும். நீர் வற்றினால் விறைத்து வெடிக்கும். அந்த நீர் வெளியேறாமல் காப்பது, தோலின் அணுக்களுக்கு இடையே இயற்கையாக அமைந்த கொழுப்பு. குளிருக்கு இதமாக இருக்கிறதென்று ஆவி பறக்க ஊற்றிக்கொள்ளும் வெந்நீர் அக்கொழுப்பைக் கரைத்துவிடுகிறது. துணி துவைக்கும் சோப்பும், பாத்திரம் துலக்கும் சோப்பும் அவ்வாறே செய்கின்றன. தோல் இயல்பில் இலேசான அமிலத்தன்மை கொண்டது. சோப்போ காரத்தன்மை உடையது. வயது முதிர்ந்தால் எண்ணெய்ச் சுரப்பும் குறைவதால் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கே தொல்லை அதிகம்.

எண்ணெயை எப்போது தடவுவது என்பதில் நம்மில் பலர் தவறு செய்கிறோம். நன்றாகக் காய்ந்த பின் தடவுகிறோம். எண்ணெய் தோலுக்கு நீரைக் கொடுப்பதில்லை. இருக்கும் நீரை அடைத்துக் காக்கிறது. ஆகவே இளஞ்சூடான நீரில் சுருக்கமாகக் குளித்து, துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முற்றும் உலருமுன், இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் தேங்காய் எண்ணெயோ வாஸலினோ தடவுங்கள். அதற்கு மேலாக விலையுயர்ந்த கிரீம் எதுவும் தேவையில்லை என்பது என் எண்ணம். விளம்பரத்தில் வரும் வெண்ணிறப் பூச்சுகளைவிட மணமில்லாத எளிய பொருளே உலர்ந்த தோலுக்கு உகந்தது.

“எண்ணெய் தடவிய கையோடு ஒளு கூடுமா?” என்று பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். எண்ணெய்ப் பசை மட்டும் இருந்து, அதன்மேல் நீர் ஓடித் தோலை நனைக்குமானால் ஒளுவுக்குத் தடையில்லை. நகப்பூச்சைப் போலவும் மெழுகைப் போலவும் தடித்த படலமாய்ப் படிந்து நீரைத் தடுப்பவற்றை அகற்றியே ஆக வேண்டும். எளிய வழி, ஒளுவை முடித்துக் கைகளை, விரலிடுக்கும் மோதிரத்தின் அடியும் உட்பட, துடைத்த கையோடு எண்ணெயைத் தொட்டுக்கொள்வது. ஐவேளையும் நனையும் கைக்கு ஐவேளையும் எண்ணெய் கிடைத்துவிடும். இஷாவுக்குப் பின் சற்றுத் தாராளமாகவே பூசலாம். வெடிப்பு ஆழமாகி, நீர் பட்டால் தீங்கு என்று மருத்துவர் கூறினால் அதற்கும் மார்க்கத்தில் சலுகை உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் சகோதரிகளின் நிலை வேறு. இலையை நனைத்து, கத்தரித்து, தூளை இட்டுச் சுருட்டி நூல் கட்டும் விரல்கள் நாளெல்லாம் ஈரத்திலும் புகையிலைத் தூளிலும் கிடக்கின்றன. எண்ணெய்க் கையில் இலை வழுக்கும் என்பதால் பகலில் எதுவும் தடவ முடிவதில்லை. வெடிப்பின் எரிச்சலோடு தொல்லை நின்றுவிடுவதில்லை. புகையிலையிலுள்ள நிகோடின், ஈரமான தோலின் வழியாகவும் வெடித்த தோலின் வழியாகவும் எளிதில் உடலுக்குள் செல்லக்கூடியது. வேலை முடிந்ததும் கையைக் கழுவிய பிறகே உணவையும் குழந்தையையும் தொடுங்கள். இரவில் வாஸலினைக் கனமாகப் பூசி, பழைய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு உறங்கினால், காலையில் விரல்கள் வேலைக்கு இணங்கும். பாத்திரம் துலக்கும் வேலையை அந்த நாள்களில் வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகள் ஏற்றால் ஒன்றும் குறைந்துவிடாது.

குதிகால் வெடிப்பைப் ‘பித்த வெடிப்பு’ என்கிறோம். பித்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. உலர்ந்து தடித்த தோல், உடலின் பாரம் தாங்காமல் பிளக்கிறது. பத்து நிமிடம் இளஞ்சூட்டு நீரில் கால்களை வைத்து, மெதுவாகத் தேய்த்து, வாஸலின் பூசினால் போதும். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தாமாகச் செய்யலாகாது. அவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம்; வெந்நீர் சுட்டாலும் தெரியாது, கல் கீறினாலும் தெரியாது. சிறு பிளவில் நுழையும் கிருமி காலையே இழக்கச் செய்துவிடும். வீட்டிலுள்ள வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ சர்க்கரை இருந்தால், அவர்களின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நாள்தோறும் நீங்களே பாருங்கள். பிளவைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரிப்பு உடனே அடங்குகிறதென்று பலர் பூசுவது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. நாளடைவில் அது தோலை மெலியச் செய்யும். படர்தாமரை இருந்தால் மேலும் பரவவிடும். 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசே இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது. இரண்டு வாரம் எண்ணெயும் வாஸலினும் தடவியும் குறையாத வெடிப்பு, இரவில் வீட்டிலுள்ள பலருக்கும் சேர்ந்து வரும் அரிப்பு, தொட்டால் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் ஆகியவை வெறும் பனிக்கால வறட்சி அல்ல. இவற்றுக்குத் தோல் மருத்துவரையே காண வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலுள்ள அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் சென்று சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தடவிய களிம்பின் குழாயையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.