சிலிண்டர் லாரி வராத நாளில்

தேனிப் பக்கத்துப் பொட்டிப்புரம் என்றால் பலருக்கும் நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்தான் நினைவுக்கு வரும். 50,000 டன் இரும்புக் கருவியை மலையைக் குடைந்து உள்ளே வைக்கத் திட்டமிட்ட ஊர். நான் சொல்லப்போவது ஒரு மேசையில் அடங்கிவிடும் மயக்கக் கருவியைப் பற்றி. அதைப் புரிந்துகொள்ள அந்த ஊரின் வெயில் போதும்.

அந்தக் கருவி ஆவியாக்கித் தரும் மயக்க மருந்து ஈதர். அது சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும். சித்திரை மதியத்தில் தேனிப் பக்கம் நிழலிலும் அந்தச் சூடு இருக்கும். இதற்கு நேர்மாறாக, ஆவியாகும்போது ஈதர் குளிர்ந்தும் போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கதைதான். குளிர்ந்தால் ஆவி குறையும், நோயாளிக்கு அரை மயக்கம். சூடேறினால் ஆவி மிகும், அது இன்னும் ஆபத்து.

ஆக்ஸ்ஃபோர்டில் எப்ஸ்டைனும் மேக்கின்டோஷும் 1950-களில் உருவாக்கிய இ.எம்.ஓ. கருவி இதற்கு எளிய வழி கண்டது. ஈதர் அறையைச் சுற்றித் தண்ணீர். அது சட்டென்று சூடாகாது, சட்டென்று குளிராது. கூடவே ஓர் உலோகத் துருத்தி. சூட்டில் விரிந்து ஆவி வெளியேறும் வழியைக் குறுக்கும்.

இதை இயக்குவது நோயாளியின் மூச்சு! அவர் இழுக்க இழுக்க, அறைக் காற்று ஈதர்மீது தவழ்ந்து நுரையீரலுக்குப் போகும். பெரிய ஆஸ்பத்திரிகளின் ‘பாயில்’ வகை மயக்க இயந்திரத்துக்கு அழுத்தமேற்றிய ஆக்சிஜன் இல்லாமல் ஆகாது. சிலிண்டர் லாரி வராத மலையோரத்தில் இரண்டில் எது இரண்டாந்தரம்? ‘ஏழை நாட்டுக் கருவி’ என்ற பட்டம் எனக்கு உறுத்துகிறது.

குறையும் உண்டு. ஈதர் தீப்பற்றும், நாற்றம் தாங்காது, தெளிந்து எழுபவர் வாந்தி எடுப்பார். அதனால் ஹாலோத்தேனும் ஐசோஃப்ளூரேனும் அதன் இடத்துக்கு வந்தன. மயக்கத்தில் இருப்பவருக்கு வெறுங்காற்றின் 21 சதவீத ஆக்சிஜனும் பத்தாது. அதற்குத்தான் 2021 கொரோனா அலையில் வீடு வீடாகப் பெயர் பரவிய ஆக்சிஜன் செறிவூட்டி: காற்றிலுள்ள நைட்ரஜனை ஜியோலைட் மணிகள் பிடித்து வைத்துக்கொள்ள, மிஞ்சுவதில் பெரும்பங்கு ஆக்சிஜன்.

மலாவியில் பணியாற்றிய பால் ஃபென்டன் என்ற மயக்கவியல் மருத்துவர் இந்தச் செறிவூட்டியையும் பழைய மூச்சிழுப்பு முறையையும் ஒரே வண்டியில் பூட்டினார். கரண்ட் இருக்கும்வரை அது ஆக்சிஜன் தயாரிக்கும். போய்விட்டால் அறைக் காற்று தானாகவே உள்ளே வரும். வயிற்றைத் திறந்து வைத்திருக்கும் மருத்துவர் கையை நிறுத்த வேண்டியதில்லை.