நல்ல அரிவாள் எது? திருப்பாச்சேத்தி பட்டறையில் கற்ற பாடம்

போன ஆடி மாதம். கள்ளிக்குடி பக்கம் இருக்கும் எங்கள் கரிசல் காட்டில் வேலியோரச் சீமைக்கருவேலத்தைக் கழித்துக்கொண்டிருந்தோம். என் கையில் இருந்தது, வெளிநாட்டில் இருக்கும் மகன் ஆசையாக வாங்கி அனுப்பிய கத்தி. காட்டில் தனியாக மாட்டிக்கொண்டாலும் உயிர் பிழைக்க உதவும் கத்தி என்று உறையில் படம் போட்டிருந்தது. பளபளவென்று ஒரு சாண் அலகு, முதுகில் ரம்பப்பல், பிடியின் அடியில் திசைகாட்டி. மூடியைத் திருகித் திறந்தால் உள்ளே ஊசி, நூல், தீக்குச்சி.

முளைக்குச்சி சீவ ஒரு கட்டையைப் பிளக்க வேண்டியிருந்தது. கத்தியைக் கட்டையின் தலையில் வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினேன். மூன்றாவது தட்டில் பிடி என் கையிலேயே நின்றுவிட்டது, அலகு பறந்துவிட்டது. முள் அள்ளிக்கொண்டிருந்த அம்மாவின் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. அந்தம்மா அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"சார், அந்தக் கருமத்தத் தூக்கிப் போட்டுட்டு ஒரு அருவா வாங்கிட்டு வாங்க. பிள்ளைகுட்டிக்காரி நான்" என்றார்.

அன்று சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். ஒரு கையெழுத்து சரியில்லை என்றால் காசோலையைத் திருப்பி அனுப்புவேன். அப்படிப்பட்டவன், இன்னொருவர் உயிரோடு விளையாடக்கூடிய ஒரு கருவியை உறையில் இருந்த படத்தைப் பார்த்து நம்பியிருக்கிறேன்.

கத்தி எங்கே தோற்றது?

உடைந்த துண்டுகளை மேசையில் வைத்துப் பார்த்தேன். பிடிக்குள் முழுசாக ஓட வேண்டிய இரும்பு வால், ஒன்றரை அங்குலத்தில் முடிந்திருந்தது. அதை ஒரு திருகாணியால் பிடியோடு முடுக்கியிருந்தார்கள். தீக்குச்சி வைக்க இடம் வேண்டும் என்பதற்காகப் பிடியைக் குழாயாக விட்டிருந்தார்கள். 1982-ல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்தில் ராம்போ வைத்திருந்த கத்திதான் இந்த மாதிரி பிடிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகு மலிவான நகல்கள் உலகமெங்கும் வந்துவிட்டன. வெட்டு விழும்போது வரும் அதிர்ச்சி முழுவதும் அலகும் பிடியும் சேரும் இடத்தில்தான் வந்து நிற்கும். அந்த இடத்திலேயே பலம் இல்லையென்றால் மற்ற எதுவும் உதவாது.

உலகத்தில் எந்த ஊரில் பார்த்தாலும், அந்த ஊர் மரம்தான் அந்த ஊர் வெட்டுக்கத்தியின் வடிவத்தை முடிவு செய்திருக்கிறது. நேபாளத்தில் குக்ரி, மலேசியாவில் பராங், தென் அமெரிக்காவில் மச்சேட்டி. நம் ஊரில் மரமெல்லாம் முள். கருவேலம், உடை, இலந்தை, சீமைக்கருவேலம். முள்ளுக்குள் கையை விடாமல் கிளையை இழுத்துப் பிடித்து வெட்டுவதற்குத்தான் நம் அரிவாளுக்கு மூக்கு வளைந்திருக்கிறது. அந்த வளைவு அழகுக்கு வந்ததில்லை.

திருப்பாச்சேத்திக்குப் போனேன்

அடுத்த வாரம் மதுரையில் இருந்து மானாமதுரை சாலையைப் பிடித்தேன். சிலைமான் தாண்டி, கீழடி பிரிவு தாண்டி, திருப்புவனம் தாண்டினால் திருப்பாச்சேத்தி. மதுரையில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர். 2005-ல் விஜய் படம் வந்தபிறகு ஊர் பேர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் சம்சாரிகளுக்கு அந்தப் பேர் அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும்.

பட்டறையில் ஆசாரி கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பாடம்.

"அருவா வேணுமா? என்ன வேலைக்கு சார்?"

"பொதுவா தோட்ட வேலைக்குத்தான்."

"பொதுவான்னு ஒரு அருவா கிடையாது சார். முள்ளு வெட்டவா, தென்னை கழிக்கவா, விறகு பிளக்கவா, தழை நறுக்கவா? அதச் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வங்கியில் யாராவது வந்து 'ஒரு கடன் கொடுங்க' என்றால் நான் கேட்கும் முதல் கேள்வியும் இதேதான்: 'என்ன தேவைக்கு?'

கதிர் அறுக்கக் கருக்குப் பல் வைத்த மெல்லிய அரிவாள். முள் வெட்ட மூக்கு நன்றாக வளைந்த, முன்பக்கம் கனம் உள்ள வெட்டரிவாள். தென்னைமட்டை கழிக்கவும் இளநீர் சீவவும் அகல அலகு. விறகு பிளக்க அரிவாளே வேண்டாம், கோடாலிதான். ஆட்டுக்குக் குழை ஒடிக்கத் தொரட்டி. இயற்கை விவசாயத்தில் நமக்கு இன்னொரு வேலையும் உண்டு. மூடாக்குக்குக் கிளைரிசிடியா கழிப்பது, பூச்சிவிரட்டிக்கு நொச்சி, ஆடாதொடை, எருக்கு நறுக்குவது. களைக்கொல்லி தெளிக்காதவன் தோட்டத்தில் அரிவாளுக்கு ஓய்வே கிடையாது. தழை நறுக்க அலகு மெல்லியதாகவும் எடை குறைவாகவும் இருக்க வேண்டும். முள் வெட்டும் கனத்த அரிவாளால் ஒரு மணி நேரம் தழை நறுக்கினால் மணிக்கட்டு போய்விடும்.

என் தேவையைச் சொன்னேன். "அப்ப உங்களுக்கு ரெண்டு வேணும்" என்றார். இரண்டு வாங்கினேன்.

இரும்பும் தோய்ச்சலும்

பழைய லாரி ஸ்பிரிங் பட்டைதான் மூலப்பொருள். அதில் கரிமச்சத்து ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். கட்டடக் கடையில் கிடைக்கும் சாதாரண இரும்புப் பட்டையில் இது 0.25 சதவீதத்துக்கும் கீழே. அதை எவ்வளவு காய்ச்சி நீரில் முக்கினாலும் வெட்டும் அளவுக்குக் கெட்டிப்படாது. ஸ்டெயின்லெஸ் இரும்பில் குரோமியம் 10 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் துரு பிடிக்காது. சமையலறைக்கு அது சரி. ஆனால் அதைக் கிராமத்துப் பட்டறையில் அடித்துச் சரிசெய்ய முடியாது. என் உடைந்த கத்தியைக் காட்டினேன். ஆசாரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வச்சு நான் ஒன்னும் பண்ண முடியாது சார்" என்று கொடுத்துவிட்டார்.

பட்டையைக் காய்ச்சி, அடித்து, வடிவம் கொண்டுவருவது பாதி வேலை. மீதி வேலை தோய்ச்சல். இரும்பு நன்றாகச் சிவந்து, காந்தம் ஒட்டாத சூட்டுக்கு வந்ததும் வெட்டுவாயை மட்டும் நீரில் முக்குகிறார்கள். முதுகுப்பக்கம் மெதுவாக ஆறுகிறது. அதனால் வாய் கெட்டியாகவும் முதுகு வளைந்து கொடுப்பதாகவும் அமைகிறது. முக்கியதும் வாய் கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலையில் இருக்கும். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்கும்போது இரும்பின் மேல் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு நீலம். எந்த நிறத்தில் நிறுத்த வேண்டும் என்பதுதான் தொழில். முன்னாலேயே நிறுத்தினால் அரிவாள் வாய் உதிரும். விட்டுவிட்டால் வாய் மடங்கும். வெப்பமானி எதுவும் இல்லை, ஆசாரியின் கண்தான். "நெறம் தெரியணும்னுதான் சார் பட்டறைய இருட்டா வச்சிருக்கோம்" என்றார். கூரையில் கண்ணாடி ஓடு போடக் காசில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

எனக்கு அவர் சொன்னதையும், நான் அடிபட்டுக் கற்றதையும் சேர்த்து எழுதுகிறேன்.

1. பிடியின் அடியைப் பாருங்கள். இரும்பு வால் மறுபக்கம் வரை வந்து, முனை மடக்கி அடிக்கப்பட்டிருக்க வேண்டும். வால் எங்கே முடிகிறது என்று தெரியாத பிடியை வாங்காதீர்கள்.

2. பிடியின் கழுத்தில் பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். அரிவாளைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். சிறு ஆட்டம் இருந்தாலும் வேண்டாம்.

3. வெட்டுவாயில் ஒரு ஓரத்தில் அரத்தை வைத்துத் தள்ளுங்கள். அரம் வழுக்கிக்கொண்டு, கொஞ்சம்தான் பிடித்தால் தோய்ச்சல் நன்று. வெண்ணெய் மாதிரி பிடித்தால் அது பச்சை இரும்பு.

4. முதுகை ஒரு கல்லில் லேசாகத் தட்டுங்கள். மணி மாதிரி நாதம் வர வேண்டும். 'டொக்' என்றால் எங்கோ கீறல் இருக்கலாம்.

5. சாணை பிடிக்கும்போது தீப்பொறியைக் கவனியுங்கள். நல்ல இரும்பில் பொறி பூப்பூவாக வெடிக்கும். சாதா இரும்பில் நீளக் கோடாகப் போகும்.

6. நீங்களே வீசிப் பாருங்கள். வேலை செய்யப்போவது வீட்டம்மா என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். என் கைக்குச் சரியான கனம் அவர் கைக்குச் சரியாக இருக்காது.

பத்திரமாக வைத்திருப்பது

மழுங்கிய அரிவாள்தான் அதிகம் காயப்படுத்தும். வெட்டு இறங்காமல் வழுக்கும், நாமும் கூடுதல் பலத்தைப் போடுவோம். வாரம் ஒருமுறை அரத்தால் இழுத்து, தீட்டுக்கல்லில் முடியுங்கள். மின்சாணையில் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். அடிக்கடி தண்ணீர் தொடாமல் அழுத்திப் பிடித்தால் வாயில் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம். மறுபடி பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

வேலை முடிந்ததும் பாலையும் பிசினையும் துடைத்து, கொஞ்சம் வேப்பெண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவுங்கள். பழைய டயர் டியூப்பில் ஓர் உறை தைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் வெறுமனே செருகாதீர்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்து எடுக்கச் சொல் என்பார் எங்கள் அப்பத்தா. சண்டை வருமோ வராதோ, விரல் தப்பும். துரு, மண் எது பட்ட காயமானாலும் டெட்டனஸ் ஊசிக்கு உடனே கிளம்புங்கள்.

ஒரு நோட்டும் ஒரு விண்ணப்பமும்

பணம் கொடுத்ததும் ஆசாரி ஒரு நோட்டை நீட்டினார். "பேரு, ஊரு, போன் நம்பர் எழுதுங்க சார். போலீஸ்ல சொல்லியிருக்காங்க." 2021 செப்டம்பரில் தமிழகம் முழுவதும் ரவுடிகள் வேட்டை நடந்தபோது, அரிவாள் வாங்குகிறவர்களின் விவரத்தை எழுதி வைக்கும்படி பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் காவல்துறை சொன்னது. 1959-ம் வருஷ ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட பொருள்களை ஆயுதக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் வழியில் நிறுத்திக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான். சாக்கில் சுற்றிக் கட்டி, நேராகத் தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். வீச்சுக்கென்று நீளமாகச் செய்த அரிவாள் நமக்கு எதற்கும் உதவாது, வாங்கவும் வேண்டாம். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பருக்கு நேர்த்திக்கடனாகக் கொடுக்கும் பொருளை, நாலு பேர் கெட்டதுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காக அடிக்கிறவரையே குற்றவாளி மாதிரி பார்ப்பது நியாயமில்லை.

நோட்டில் என் பேரை எழுதும்போது ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஒரு கிராமக் கிளையில் நான் கள அலுவலராக இருந்தேன். துருத்தியை எடுத்துவிட்டு மின்சார ஊதுகருவி வைக்க வேண்டும் என்று ஓர் ஆசாரி கடன் கேட்டு மூன்று தடவை வந்தார். பட்டறை இருந்தது புறம்போக்கில். பிணை போட ஆள் இல்லை. விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டேன். விதிப்படி சரி. அவர் முகம் இப்போது ஞாபகம் இல்லை. விண்ணப்பத்தாளின் ஓரத்தில் கரிபட்ட கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்த ஊரில் பிற்பாடு பட்டறையே இல்லாமல் போனது.

திருப்பாச்சேத்தி ஆசாரியிடம், "உங்களுக்கு அப்புறம் யாரு?" என்று கேட்டேன். "பையன் கோயம்புத்தூர்ல கம்பெனியில இருக்கான் சார். வெக்கையில நிக்க மாட்டேங்கிறான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது" என்றார்.

மகன் அனுப்பிய கத்தி உடைந்தபோது அதை ஒட்ட வைக்க இந்தியாவில் ஓர் ஆள் இல்லை. அரிவாளின் பிடி ஆடினால் நான் பேருந்து ஏறிப் போய்க் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். அவர் இருக்கிற வரைக்கும்தான் அது நல்ல அரிவாள்.

ஆகவே சம்சாரி நண்பர்களே, அடுத்த பட்டத்துக்கு முன்னால் வீட்டில் கிடக்கும் பழைய அரிவாள், மண்வெட்டி, களைக்கொத்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குப் போங்கள். புதுசு வாங்கும் முன் பழசுக்குத் தோய்ச்சல் போடுங்கள். ஆசாரி கடன் வேண்டும் என்றால் கூடவே வங்கிக்குப் போங்கள். 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவின் கீழ் 50,000 ரூபாய் வரை பிணையம் இல்லாமல் கேட்கலாம். விண்ணப்பம் நிரப்ப ஒரு மணி நேரம்கூட ஆகாது. நம் இயக்கத்தில் என்னைப் போல ஓய்வுபெற்ற வங்கிக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

இரண்டு அரிவாளையும் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். முள் அள்ளும் அம்மா கனத்ததை வாங்கிப் பிடியைத் திருப்பி அடியைப் பார்த்தார். வால் மடங்கியிருந்த இடத்தை விரலால் தடவினார்.

"இப்பச் சரி" என்று சொல்லிவிட்டு வேலியோரம் போனார்.