கால் வரவில்லையா? உடனே சொல்லுங்கள்

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இடுப்பு வலித்தால் செஞ்சிப் பக்கத்துக் காலனிகளில் பலரும் சொல்வது, "முதுகுல ஊசி போட்டதால வந்தது" என்பதுதான். இந்தப் பயத்தில் எது உண்மை, எது இல்லை என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிசேரியனுக்குப் பெரும்பாலும் ஒரே தடவையாகப் போடுவது தண்டுவட ஊசி. பிரசவ வலி குறைய, முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து ஏற்றுவது எபிட்யூரல். தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன் என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. எனவே இது நம் வீட்டு விஷயம்.

குத்திய இடத்தில் சில நாள் வலிக்கலாம். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு எபிட்யூரல் காரணமில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படுவது மிக அபூர்வம். பிரிட்டனில் 2006-07ல் ஓராண்டு நடந்த கணக்கெடுப்பில், மிக மோசமாகக் கணக்கிட்டாலும் தாய்மார்களில் 80,000 பேருக்கு ஒருவர்தான்.

அந்த ஒருவரைக் காப்பாற்றுவது நேரம். தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கட்டினாலோ சீழ் பிடித்தாலோ நரம்பு நசுங்கும். ரத்தக்கட்டை 8 முதல் 12 மணி நேரத்துக்குள் அறுவை செய்து எடுத்தால் கால் திரும்ப வாய்ப்பு அதிகம். தாமதித்தால் ஆயுளுக்கும் நடக்க முடியாமல் போகலாம்.

கடைசி மருந்து ஏற்றி 4 மணி நேரம் கழித்தும் முட்டியை மடக்காமல் காலைத் தூக்க முடியவில்லை என்றால் மயக்க மருந்து டாக்டர் வந்து பார்க்க வேண்டும். விட்ட மரப்பு திரும்ப வந்தாலும், சிறுநீர் இறங்காவிட்டாலும், முதுகு கடுமையாக வலித்தாலும் உடனே சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சலோடு முதுகு வலியோ, உட்கார்ந்தால் கடும் தலைவலியோ வந்தால் மீண்டும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கால் பலவீனமானால் 108ஐ அழையுங்கள்.

இந்த அறிகுறிகளை முதலில் உணர்பவர் தாய்தான். ஆனால் "சும்மா படும்மா" என்ற அதட்டலுக்குப் பயந்து வாய்மூடிக் கிடப்பவர் யார்? ஊர்த்தெருவில் குரலைத் தாழ்த்திப் பேசப் பழக்கப்படுத்தப்பட்ட நம் பெண், ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் குரலைத் தாழ்த்துகிறாள். அபூர்வமான சிக்கல் ஆயுள் ஊனமாக மாற இந்த மௌனம் ஒன்றே போதும்.

கையெழுத்து விஷயமும் அப்படித்தான். என்ன ஊசி என்று அவளுக்குச் சொல்லாமலே கணவரோ மாமியாரோ படிவத்தில் கையெழுத்துப் போடுவது உண்டு. டெல்லியைச் சேர்ந்த சமீரா கோலி வழக்கில், மகள் மயக்கத்தில் இருந்தபோது தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்று 2008ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகிச்சையின் பலன், ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை நோயாளியிடமே சொல்லிச் சம்மதம் பெற வேண்டும்; உயிர்காக்கும் அவசரம்தான் விலக்கு என்றது.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை உண்டு. அக்காவோ அண்ணியோ பிரசவத்துக்குப் போகுமுன் இந்த அறிகுறிகளைச் சொல்லிக்கொடுங்கள். படிவத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். "கால் வரலை, டாக்டரைக் கூப்பிடுங்க" என்று அவள் உரக்கக் கேட்பது திமிர் அல்ல, உரிமை.