தூசிக்குள்ளே ஓர் ஓட்டப்பந்தயம்!

விடிகாலை 5.30. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத் தெருவில் பாவு நீட்டும் நேரம். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பட்டு இழை விறைப்பாக நிற்க, அறுந்த இழைகளை விரல்கள் தேடித் தேடிப் பிணைக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை, அதே 5.30-க்கு இன்னொரு கூட்டமும் பரபரக்கிறது. விண்மீன் மண்டலங்களை ஆராய்கிறவர்கள்! அன்றைய புதுக் கட்டுரைப் பட்டியல் ‘ஆர்க்கைவ்’ தளத்தில் அப்போதுதான் வெளியாகிறது. 1991-ல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய இலவசக் களஞ்சியம் அது.

திரைக்குப் பின்னால் நடக்கும் கூத்தைக் கேளுங்கள். முந்தைய வேலைநாள் இரவு 11.30 மணிக்குக் கெடு. (அமெரிக்காவில் குளிர்கால நேரம் வந்துவிட்டால் இரண்டு நேரமும் ஒரு மணி தள்ளிப்போகும்.) கெடு முடிந்த நொடியில் அடுத்த பட்டியல் திறக்கும், முதலில் அனுப்பியவருக்கே முதலிடம்! அதனால் 11.29-க்கே பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நொடிகளை எண்ணுகிறவர்கள் உண்டு. வீண் ஆசையில்லை அது. பட்டியலின் உச்சியில் வந்த வானியல் கட்டுரைகள் கீழே வந்தவற்றைப்போல் சராசரியாக இரண்டு மடங்கு மேற்கோள் பெற்றதை 2008-ல் யோர்க் டீட்ரிக் கணக்கெடுத்துக் காட்டினார்.

இத்தனை தவிப்பும் எதற்கு? தொலைதூரத்தில் தூசி மூடிய விண்மீன் மண்டலங்களைப் பாருங்கள், புரிந்துவிடும்! நம் பால்வழியில் ஓர் ஆண்டில் பிறப்பது ஓரிரு சூரியன் எடைக்கான விண்மீன்கள். அந்தத் தூசி மண்டலங்கள் சிலவற்றில் நூற்றுக்கணக்கில், ஆயிரம்கூட! ஆனால் அந்த ஒளியைத் தூசி விழுங்கி, அகச்சிவப்பாகத்தான் வெளியே விடுகிறது. அதனால் சாதாரணத் தொலைநோக்கிக்கு அங்கே வெறும் இருட்டு. ஹவாயின் மௌனா கியா மலையில் ‘ஸ்கூபா’ கருவி 1997-ல் கண்ணைத் திறந்தபிறகே இந்தக் கூட்டம் பிடிபட்டது. இன்று சிலியின் பாலைவனத்தில் ‘அல்மா’வின் 66 ஆண்டெனாக்கள் இவற்றைத் துருவுகின்றன.

கட்டுரை வெளியானதும் அடுத்த ஆட்டம்: யார் பார்த்தார்கள்? ‘ஆல்ட்மெட்ரிக்’ என்னும் இணையச் சேவை ஒரு வண்ண வளையம் வரைகிறது. செய்தித்தாளுக்கு ஒரு நிறம், சமூக ஊடகத்துக்கு வேறொன்று, நடுவில் மதிப்பெண். இதில் ஒரு செய்தி என்னை அப்படியே நிமிர்த்தி உட்காரவைத்தது: கட்டுரையைத் தங்கள் ‘மெண்டலி’ என்னும் இணைய அலமாரியில் சேர்த்துவைத்த வாசகர்களின் எண்ணிக்கையையும் அது காட்டுகிறது, ஆனால் மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை!

பட்டுக்கடையில் விரித்துக் காட்டுவது முந்தானையை. ஆண்டுக்கணக்கில் புடவையைத் தாங்குவது, உடலையும் கரையையும் பூட்டுகிற கோர்வை. ஆராய்ச்சிக்கும் அப்படித்தான்: ஒரு நாள் பரபரப்பு அந்த வளையத்தில் மின்னும், பல ஆண்டு வாசிப்பு ‘ஏடிஎஸ்’ என்னும் வானியல் நூலடைவில் மெல்லச் சேரும். நான் கொண்டாடுவது இந்த இரண்டாவதைத்தான்.

கைமேல் சான்று இருக்கிறது. 2014-ல் கெயிட்லின் கேசி, தேசிக நாராயணன், இலங்கையில் பிறந்த அசந்த குரே மூவரும் தூசி மண்டலங்களைப் பற்றி அதுவரை தெரிந்ததையெல்லாம் நூறு பக்கத்துக்கு மேல் தொகுத்தார்கள். தூப்புல் வேதாந்த தேசிகரின் ஊரான காஞ்சியில் ‘தேசிக’ என்ற பெயரைக் கேட்டால் யார்தான் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்! இந்தத் துறைக்குள் நுழைகிற மாணவர்கள் பலர் இன்றும் புரட்டுவது அந்தத் தொகுப்பைத்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன.

இதைவிட இனிப்பான சேதி ஒன்று: அது முழுக்க இலவசம். ஹார்வர்டில் திறக்கும் அதே பக்கம், கைலாசநாதர் கோயில் பக்கத்துத் தெருவில், தறிமேடையில் கிடக்கும் ஃபோனிலும் திறக்கும். கட்டணமில்லை, சிபாரிசும் வேண்டாம். வீட்டில் இயற்பியல் படிக்கிற பிள்ளை இருந்தால் இன்றே சொல்லுங்கள்: ஆர்க்கைவின் தேடுபெட்டியில் 1402.1456 என்று தட்டச் சொல்லுங்கள். முதலில் படங்களைப் பார்க்கட்டும், பிறகு முன்னுரை. மிச்சத்தை அந்தத் தூசியே இழுத்துக்கொள்ளும்!