மெக்கார்த்தியின் ஒலிவெட்டி

அமெரிக்க நாவலாசிரியர் கார்மக் மெக்கார்த்தி, 1963-ல் நாக்ஸ்வில் நகர அடகுக் கடையொன்றில் 50 டாலர் கொடுத்து ஒரு டைப்ரைட்டர் வாங்கினார். இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனம் செய்த லெட்டெரா 32; கையோடு தூக்கிப் போகிற சின்ன மிஷின். ‘பிளட் மெரிடியன்’, ‘தி ரோடு’ எல்லாம் அதில் அடித்தவைதான். மொத்தம் சுமார் 50 லட்சம் சொற்கள் என்பது அவரே போட்ட கணக்கு. பராமரிப்பு என்றால், பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும் குழாயால் தூசியை ஊதிவிடுவதோடு சரி. 2009-ல் அது 2,54,500 டாலருக்கு ஏலம் போனது. பணத்தை சாண்டா ஃபே ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார். நண்பர் ஒருவர் 11 டாலருக்கு அதே மாடலைத் தேடிப் பிடித்துத் தர, அதில் எழுத உட்கார்ந்தார்.

இவ்வளவு உழைக்கும் மிஷினுக்கு மின்சாரமே வேண்டாம். விரலின் பலமும் ஒரு சுருள்வில்லும் போதும். கீயை அழுத்தினால், அதோடு இணைந்த எஃகுத் தண்டு எழும்பிப்போய் ரோலரில் சுற்றிய தாளை அடிக்கிறது. தண்டின் நுனியில் எழுத்து இடவலம் மாறிப் புடைத்திருக்கும். அடி விழும் கணத்தில் மை ரிப்பன் குறுக்கே எழும்பி, உடனே இறங்கிவிடும். இறங்காவிட்டால் அடித்த எழுத்தை அதுவே மறைத்துவிடும். ரோலரைத் தாங்கியிருக்கும் கேரியேஜைச் சுருள்வில் எப்போதும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு பற்சக்கரம் அதை விடாமல் பிடித்திருக்கிறது. அடிக்கு ஒரு பல் வீதம் விடுபட, கேரியேஜ் ஓர் எழுத்து அகலம் நகர்கிறது. கடிகாரத்தின் ‘டிக் டிக்’கும் இதே ஏற்பாடுதான். வரி முடியப்போகையில் மணி அடிக்கும். நெம்புகோலைத் தள்ளினால் கேரியேஜ் திரும்பும். தாளும் ஒரு வரி மேலேறும்.

அடித்த எழுத்து அடித்ததுதான். திருத்த வேண்டுமானால் பென்சிலால் குறித்துக்கொண்டு பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். என்னைக் கேட்டால், எழுத்தாளர்களை இந்த மிஷினோடு கட்டிப்போட்டது இந்தச் சிரமம்தான். ஒரு சொல்லை மாற்றப் போனாலும் அந்தப் பக்கத்தின் எல்லா வாக்கியங்களும் இன்னொரு முறை விரல் வழியாகப் போய்வருகின்றன. கண் தாண்டிப்போன தளர்ந்த வாக்கியத்தில் விரல் தடுக்கி நிற்கும்.

இன்னொரு அமெரிக்க நாவலாசிரியரான பால் ஆஸ்டரும் அப்படித்தான்; முதலில் நோட்டில் கையால் எழுதி, பிறகு 1974-ல் வாங்கிய ஒலிம்பியா டைப்ரைட்டரில் அடித்தவர். நண்பர்கள் கணினிக்கு மாறியபோதும் அவர் மாறவில்லை. ரிப்பன் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து, ஒரே சமயத்தில் 50 ரிப்பன்களுக்குச் சொல்லி வைத்தார்.